மேதெபாவுக்குப் போனா தரையைப் பாத்து நடங்க

நம்ம ஊர்ல இருந்து இஸ்ரேல், ஜோர்தான், எகிப்துன்னு புனிதப் பயணம் போறவங்களோட ப்ரோக்ராம் ஷீட்ல ஜோர்தான் பக்கத்துல மதாபான்னு ஒரு ஊர் இருக்கும். காலைல அம்மான்ல ஹோட்டல்ல சாப்பிட்டு பஸ் ஏறினா முக்கால் மணி நேரத்துல அங்க இறக்கி விடுவாங்க, ஒரு சர்ச்சுக்குள்ள போய் தரையில இருக்கற பழைய மேப்பைப் பாத்து போட்டோ எடுத்துட்டு அப்படியே மோசே ஏறின நேபோ மலைக்குக் கிளம்பிடணும். எங்க குரூப்புக்கும் 25 நிமிஷம்தான் கொடுத்தாங்க, அதுல பாதி நேரம் முன்னாடி நின்னவங்க தலையைத்தான் பாத்தேன். திரும்பி வந்தப்புறம் அந்த ஊரைப் பத்தி கையில கிடைச்சதை எல்லாம் படிக்க ஆரம்பிச்சேன், படிக்கப் படிக்க மனசுக்கு ரொம்ப கஷ்டமா போச்சு, எவ்வளவு பெரிய விஷயத்தை மிதிச்சுட்டு வந்திருக்கோம்னு. அடுத்து போறவங்களாவது தெரிஞ்சுக்கிட்டு போகட்டும்னுதான் இதை எழுதறேன்.

முதல்ல பேரு. மதாபான்னு சொன்னா நமக்குப் புதுசா இருக்கு, ஆனா நம்ம தமிழ் பைபிள்ல இருக்கற மேதெபாதான் அது. எண்ணாகமம் 21ல வருது, யோசுவா 13ல ரூபன் கோத்திரத்துக்குப் பங்கு பிரிக்கறப்ப மேதெபாவோட சமபூமின்னு வருது, 1 நாளாகமம் 19ல அம்மோனியர் கூலிக்குக் கூப்பிட்ட படை மேதெபாவுக்கு முன்னாடிதான் பாளயம் இறங்குது, ஏசாயா 15ல நேபோவுக்காகவும் மேதெபாவுக்காகவும் மோவாப் அலறுது. அதே எண்ணாகமத்துல இஸ்ரவேலர் "ராஜபாதையில போறோம், வலது இடது சாய மாட்டோம்"னு வழி கேக்கறாங்கல்ல, அந்த ராஜபாதைங்கற பேர்லயே இன்னைக்கும் அங்க ஒரு ரோடு ஓடுது, மதாபா அந்த ரோட்டு மேலதான் இருக்கு.

பைபிளுக்கு வெளியிலயும் இந்த ஊருக்கு சாட்சி இருக்கு. 1868ல மதாபாவுக்குத் தெற்க தீபான்ல (பைபிள்ல வர்ற தீபோன்) ஒரு கருங்கல் கல்வெட்டு கிடைச்சுது, மோவாப் ராஜா மேசா கி.மு. 9ஆம் நூற்றாண்டுல வெட்டி வச்சது. அதுல இஸ்ரவேல் ராஜா உம்ரி மேதெபா நாட்டைப் பிடிச்சு வச்சிருந்தான், நான் மீட்டேன்னு மேசா சொல்றான். 2 இராஜாக்கள் 3ல வர்ற அதே மேசா. ரெண்டு பக்கத்து ஆளும் அவங்கவங்க கதையை எழுதி வச்சு ரெண்டும் நம்ம கைக்கு வந்து சேர்றது ரொம்ப அபூர்வம். அந்தக் கல்லு இப்ப பாரிஸ்ல லூவர் மியூசியத்துல இருக்கு.

அப்புறம் நபத்தேயர் காலம், மலைப் பாறையில பெட்ரா நகரத்தைக் குடைஞ்சாங்களே அந்த அரபு ஜனங்க. கத்தோலிக்க பைபிள்ல இருக்கற மக்கபேயர் முதல் புத்தகத்துல, மேதெபாவுல இருந்த யாம்பிரி குடும்பத்து ஆளுங்க யூதப் போராட்டத் தலைவர் யூதா மக்கபேயோட அண்ணன் தம்பியில ஒருத்தரான யோவானைப் பிடிச்சுட்டுப் போய் கொன்னதும், அதுக்குப் பழி வாங்க யோவானோட சகோதரர்கள் யாம்பிரி குடும்பத்துக் கல்யாண ஊர்வலத்தையே வழி மறிச்சு வெட்டினதும் இருக்கு. பின்னாடி அதே மக்கபே குடும்பத்துல வந்த யூத ஆட்சியாளன் யோவான் ஹிர்கானுஸ் இந்த ஊரைப் பிடிக்க ஆறு மாசம் முற்றுகை போட்டான்னு பழைய யூத வரலாற்று ஆசிரியர் யோசேபஸ் எழுதறார், அப்ப மதிலும் தண்ணியும் பலமா இருந்திருக்கணும்.

கி.பி. 106ல ரோமப் பேரரசன் திராயான் நபத்தேய ராஜ்யத்தை எடுத்துக்கிட்டு அரேபியா மாகாணம்னு பேர் வச்சான். தலைநகர் பொஸ்த்ரா, இப்ப சிரியாவுல இருக்கு. மேதெபா அந்த மாகாணத்துல ஒரு நடுத்தர டவுன், நம்ம ஊர் கணக்குல சொன்னா மாவட்டத் தலைநகர் கூட இல்ல, ஒரு தாலுகா ஊர்னு வச்சுக்கலாம். ரெண்டு பக்கமும் தூண் வரிசை வச்ச வீதி, சொந்த நாணயம், சுத்தி கோதுமை விளையற சமவெளி. பெரிய போர் எதையும் ஜெயிக்கல, பெரிய ராஜா யாரும் இங்க பிறக்கல. இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, இதுக்கப்புறம் நீங்க பாக்கப் போற அத்தனை வேலைப்பாடும் ஒரு சாதாரண மாகாண ஊர்க்காரங்க தங்களோட சொந்தக் காசுல செஞ்சது, அரண்மனைக் காசுல இல்ல.

கிறிஸ்தவம் இங்க எப்ப வந்துச்சுங்கறதுக்கு ஒரே ஒரு தேதி சொல்ல முடியாது, ஆனா 4ஆம் நூற்றாண்டு கடைசியில எஜேரியாங்கற யாத்திரைப் பெண்மணி எருசலேம்ல இருந்து யோர்தானைத் தாண்டி நேபோ மலை ஏறி வந்து எழுதி வச்சிருக்காங்க, அப்பவே அங்க ஒரு சின்ன கோயில் இருந்துச்சு, துறவிகள் இருந்தாங்க. 451ல பிஷப்புகள் எல்லாம் கூடின கல்கதோன் சங்கம் நடந்தப்ப மேதெபாவுக்குன்னு ஒரு பிஷப் இருந்தார், பேரு காயானோஸ், அவருக்காக பொஸ்த்ரா பேராயர் கையெழுத்துப் போட்டார். அதுக்கப்புறம் 6ஆம் நூற்றாண்டு வந்ததும் ஊரே கோயில் கட்ட ஆரம்பிச்சுருச்சு, ஒன்னு ரெண்டு இல்ல, டஜன் கணக்குல. அத்தனை கோயிலுக்கும் மொசைக் தரை.

மொசைக்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது எண்பதுகள்ல கட்டின வீடுகள்ல சிமெண்ட்ல கல்லுத் துண்டு கலந்து மெஷின் வச்சு தேய்ச்ச தரைதான். இது அது இல்ல. கால் இஞ்சு அரை இஞ்சு சைஸ்ல சதுரமா உடைச்ச கலர் கல்லை, ஈரச் சுண்ணாம்புச் சாந்துல ஒன்னு ஒன்னா விரலால பதிக்கறது. நம்ம அம்மா பாட்டி கோலத்துக்குப் புள்ளி வைக்கற பொறுமைன்னு சொல்லலாம், ஆனா கோலம் மறுநாள் காலைல போயிரும், இது 1400 வருஷமா கிடக்குது.

அப்போஸ்தலர் கோயில்னு ஊரோட தெற்கு ஓரத்துல ஒன்னு இருக்கு, டூர் பஸ் அங்க நிக்கறதே இல்ல. 578ல செர்கியுஸ் பிஷப் காலத்துல போட்ட தரை. நடுவுல ஒரு வட்டம், அதுக்குள்ள அலைக்கு நடுவுல இருந்து எழும்பி வர்ற ஒரு பெண், கையில சுக்கான், சுத்தி மீனு. கடலைத்தான் பெண்ணா காட்டியிருக்காங்க, தலஸ்ஸான்னு கிரேக்கத்துல பேரும் எழுதியிருக்கு. இந்த ஊர்ல இருந்து மத்தியதரைக் கடலுக்குப் போகணும்னா யோர்தான் பள்ளத்தாக்குல இறங்கி ஏறி யூதேய மலையைத் தாண்டணும், கடலையே பாக்காத ஊர்ச் சபை தன் கோயில் நடுவுல கடலைப் போட்டு வச்சிருக்கு. அந்த வட்டத்தைச் சுத்தி ஒரு ஜெபம்: வானத்தையும் பூமியையும் படைச்ச ஆண்டவரே, அனஸ்தாசியுஸுக்கும் தோமாவுக்கும் தியோதோராவுக்கும் ஜீவன் கொடும்னு உபயதாரர் பேரெல்லாம் வரிசையா வந்துட்டு, கடைசியா மொசைக் போட்ட சலமானியோஸுக்கும்னு முடியுது. தரை போட்ட கொத்தனார் பேரு ஜெபத்துக்குள்ளேயே இருக்கு! நம்ம கோயில் சர்ச் எல்லாத்துலயும் அடிக்கல் நாட்டினவர் பேர், திறந்து வச்சவர் பேர் சலவைக்கல்லுல இருக்கும், மேஸ்திரி பேரை நான் எங்கயும் பாத்ததில்ல. எனக்கு இந்த ஊர் மேல ஒரு பாசம் வந்ததே அந்த சலமானியோஸாலதான்.

இன்னொன்னு, இந்த கிறிஸ்தவங்க பழைய கிரேக்கக் கதையைக் கண்டு பயப்படல. கன்னி மரியா கோயிலுக்குக் கீழ தோண்டினப்ப ஒரு பணக்கார வீட்டு ஹால் கிடைச்சுது, அதுவும் 6ஆம் நூற்றாண்டுதான், ஊரே கிறிஸ்தவ ஊரா இருந்த காலம். அந்தத் தரையில ஃபேத்ரா, ஹிப்போலிட்டஸ் கதை (மூத்த தாரத்து மகன் மேல ஆசைப்பட்ட சித்தியோட கதை), இன்னொரு பக்கம் காதல் தெய்வம் அஃப்ரோதைத்தி கையில செருப்பை வச்சுக்கிட்டு தன் சின்னப் பையன் எரோஸை அடிக்கப் போறா. ஓரமா ஊர்களைப் பெண்ணா காட்டி மூணு பெண்கள் சிம்மாசனத்துல உக்காந்திருக்காங்க, ஒருத்தி ரோமா, ஒருத்தி கிரேகோரியா, மூணாவது மேதெபா. தாலுகா ஊர் ஒன்னு ரோமாபுரிக்குப் பக்கத்துல சமமா சேர் போட்டு உக்காந்திருக்கு பாருங்க, தன் ஊர் மேல அவ்வளவு பெருமை அவங்களுக்கு.

இப்ப அந்த மேப்புக்கு வருவோம், செயின்ட் ஜார்ஜ் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சர்ச்சுல இருக்கறது. 20 லட்சத்துக்கும் மேல கல்லு வச்சு போட்டதுன்னு கணக்கு சொல்றாங்க. வடக்க லெபனான்ல இருந்து தெற்க எகிப்துல நைல் நதி கிளை பிரியற இடம் வரைக்கும், அதுல ஊர் பேரு, கோயில் பேருன்னு கிரேக்கத்துல சுமார் 150 குறிப்பு மிச்சம் இருக்கு. நம்ம மேப்புல வடக்கு மேல இருக்கும், இதுல கிழக்கு மேல. ஏன்னா கோயில்ல பீடம் கிழக்கு, நின்னு பாக்கறவன் கிழக்கு பாத்து நிக்கறான், அவன் கண்ணுக்கு எந்தத் திசை எங்க இருக்கோ மேப்லயும் அது அங்கயே இருக்கு. சுவர்ல மாட்டறதுக்கு இல்ல, மேல நின்னு படிக்கறதுக்குப் போட்ட மேப்பு.

எருசலேமைத்தான் நடுவுல பெருசா போட்டிருக்காங்க, முட்டை வடிவத்துல மதிலு, "பரிசுத்த நகரம் எருசலேம்"னு எழுத்து. வடக்கு வாசலுக்கு உள்ள ஒரு தூண் தனியா நிக்குது. அந்தத் தூண் எப்பவோ போயிருச்சு, ஆனா அந்த வாசலை (நாம டமாஸ்கஸ் கேட்னு சொல்றது) அரபில இன்னைக்கும் பாப் அல்-அமூத்னுதான் கூப்பிடறாங்க, அதாவது தூண் வாசல். வாசல்ல இருந்து ரெண்டு வரிசைத் தூணோட ஒரு பெரிய வீதி தெற்க போகுது, பக்கத்துல தலைகீழா போட்ட மாதிரி இருக்கறது இயேசு கல்லறைக் கோயில், வீதி முடியற இடத்துல ஜஸ்டினியன் பேரரசன் கட்டின நேயாங்கற பெரிய கோயில். இந்த நேயா 540கள் ஆரம்பத்துல திறந்தது, அது மேப்புல இருக்கு, 570க்கு அப்புறம் கட்டினது எதுவும் இல்ல, அதை வச்சுத்தான் மேப்பு எந்தக் காலம்னே கணக்குப் போட்டாங்க. இதெல்லாம் பக்தியில வரைஞ்ச கற்பனைன்னு நினைச்சவங்களும் இருந்தாங்க. 1970கள்ல நஹ்மான் அவிகாத்ங்கற தொல்லியல் அறிஞர் பழைய எருசலேம்ல தோண்டினப்ப அந்தத் தூண் வீதியோட தெற்குப் பகுதியும் நேயா கோயிலோட அஸ்திவாரமும் மேப்பு சொன்ன இடத்துலயே வந்துச்சு. சாக்கடலுக்குத் தென்கிழக்க லோத்து பேர்ல ஒரு கோயில்னு மேப்புல இருக்கு, 1980கள்ல அதுவும் கிடைச்சுருச்சு.

என்னை உக்கார வச்சது ஆனா எருசலேம் இல்ல, யோர்தான் ஆறு. ஆத்துல மீனு போகுது, சாக்கடல் வாய்க்குப் பக்கத்துல வந்த ஒரு மீனு மட்டும் வந்த வழியே திரும்பி எதிர்நீச்சல் போட்டு வருது. உப்புத் தண்ணி, உள்ள போனா செத்துரும்னு அதுக்குத் தெரியும். அந்த மீனைப் பதிச்சவன் பக்கத்து ஊர்க்காரனாதான் இருக்கணும், புத்தகத்தைப் பாத்து வரைஞ்சவனுக்கு இது தோணாது. ஆத்துக்குக் குறுக்க கயிறு கட்டி இழுக்கற படகுத்துறை கூட காட்டியிருக்கான்.

சாக்கடல்ல ரெண்டு படகு மிதக்குது. படகுக்காரங்களைப் பாத்தீங்கன்னா ஆள் இருக்கற இடத்துல கலர் கலரா கல்லு கலங்கிப் போய் இருக்கும், முகமே இருக்காது. மேல மோவாப் பக்கத்துல ஒரு மான் தலைதெறிக்க ஓடுது, பின்னாடி துரத்தற சிங்கத்துக்கு வாலும் பின்னங்காலும்தான் மிச்சம், மத்ததெல்லாம் கலங்கல். இது எப்படி ஆச்சுங்கறதுலதான் இந்த ஊரோட முக்கியமான கதை இருக்கு.

நம்மள்ல பல பேர் மனசுல இருக்கற கதை என்னன்னா, இந்தப் பக்கம் எல்லாம் கிறிஸ்தவமா இருந்துச்சு, 7ஆம் நூற்றாண்டுல முஸ்லிம் படை வந்துச்சு, கோயிலை எல்லாம் இடிச்சாங்க, முடிஞ்சுது. எங்க பஸ்லயும் ஒருத்தர் அப்படித்தான் சொன்னார், யாரும் மறுத்துப் பேசல, எனக்கும் அன்னைக்கு மறுக்கத் தெரியல. ஆனா மேதெபா தரை வேற சொல்லுது. 636ல யார்முக் போர்ல பைசாந்திய (அதாவது கிழக்கு ரோம) படை தோத்தப்புறம் இந்தப் பகுதி முழுக்க முஸ்லிம் ஆட்சிக்குள்ள போச்சு, உண்மைதான். அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கும் மேல இங்க சபை இருந்துச்சு, பிஷப் இருந்தார், தரை போட்டாங்க, தேதியும் எழுதினாங்க. மதாபா கன்னி மரியா கோயில்ல, மரியாளையும் அவங்க பெத்த கிறிஸ்துவையும் பாக்கணும்னா உன் மனசையும் உடம்பையும் செய்கையையும் சுத்தம் பண்ணுன்னு ஒரு கல்வெட்டு தரையில இருக்கு, அதுல இருக்கற ஆண்டு எண்ணை முன்னாடி 662ன்னு வாசிச்சாங்க, இப்ப 767ன்னு வாசிக்கறாங்க. ரெண்டுல எதை எடுத்தாலும் முஸ்லிம் ஆட்சிக் காலம்தான். 767னா உமையாக்கள்ங்கற முஸ்லிம் அரச வம்சம் போய் அப்பாசியர்ங்கற அடுத்த வம்சம் வந்து பாக்தாத் கட்டிட்டு இருந்த நேரம்.

அப்ப அந்தக் கலங்கல்? 720கள்ல கலீஃபா (முஸ்லிம் பேரரசோட தலைவர்) இரண்டாம் யஸீத் உருவப் படங்களை அழிக்கச் சொல்லி ஆணை போட்டார்னு பழைய வரலாற்று நூல்கள் சொல்லுது, அதனாலயா இல்ல கிறிஸ்தவங்களுக்குள்ளயே உருவம் வேணாம்னு ஒரு எண்ணம் வந்ததாலயான்னு அறிஞர்கள் இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா எப்படி அழிச்சிருக்காங்கன்னு கிட்ட உக்காந்து பாத்தா ஒரு விஷயம் புரியும். வெறுப்புல உடைக்கறவன் சம்மட்டியைத் தூக்கி அடிச்சுட்டுப் போயிருவான், தரையில குழிதான் மிச்சம் இருக்கும். இங்க மனுஷ உருவமும் சில மிருக உருவமும் வர்ற கல்லை மட்டும் ஒன்னொன்னா பேத்து எடுத்து, அதே கல்லை மாத்திக் கலந்து அதே குழியில திரும்பப் பதிச்சு, மட்டம் பாத்து விட்டிருக்காங்க. படகு அப்படியே இருக்கு, தண்ணி அலை அப்படியே இருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை அந்தத் தரையில நின்னு ஜெபம் பண்ணப் போறவன் செஞ்ச வேலை அது. தன் கோயிலை வச்சுக்கறதுக்காக தன் படத்தைத் தானே கலைச்சிருக்கான்னு நான் நினைக்கறேன், அதை நினைக்கறப்ப தொண்டை அடைக்குது.

ஊரு கெட்டது வேற காரணத்தால. 749 ஜனவரில யோர்தான் பள்ளத்தாக்கு முழுக்க ஆட்டின பெரிய பூகம்பம், அதுல நிறைய ஊர் சாஞ்சுது, மேதெபாவும் அடி வாங்குச்சு. அடுத்த வருஷமே உமையாக்கள் ஆட்சி போய், கலீஃபாக்களோட அதிகாரம் சிரியாவை விட்டு கிழக்க போக ஆரம்பிச்சுது, காசும் வியாபாரமும் கூடவே போச்சு. கொஞ்சம் கொஞ்சமா ஜனம் குறைஞ்சு கடைசியில வெறும் இடிபாட்டு மேடு, ஆடு மேய்க்கறவங்க கூடாரம் போடற இடம், அவ்வளவுதான். பல நூறு வருஷம் அப்படியே.

1880ல தெற்க கரக்ல இருந்த அரபுக் கிறிஸ்தவக் குடும்பங்க, சுமார் 90 குடும்பம், அங்க பழங்குடிகளுக்குள்ள வந்த தகராறால ஊரை விட்டுக் கிளம்பி இந்த மேட்டுக்கு வந்து குடியேறினாங்க, கத்தோலிக்கரும் உண்டு ஆர்த்தடாக்ஸும் உண்டு. வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டினா கீழ தரை, படத்தோட. 1884ல மேப்பு கண்ணுல பட்டுச்சு. எருசலேம்ல இருந்த கிரேக்க பேட்ரியார்க்குக்கு (அந்தச் சபையோட தலைமை பிஷப்) லெட்டர் போச்சு, கண்டுக்கல. 1890 வாக்குல அடுத்த பேட்ரியார்க் வந்தப்புறம்தான் ஒரு மேஸ்திரியை அனுப்பினாங்க, முடிஞ்சா மேப்பையும் சேத்து சர்ச் கட்டுன்னு. 1896ல சர்ச் முடிஞ்சுது, ஆனா கட்டற வேலையிலேயே மேப்புல நிறைய போயிருச்சு. பேட்ரியார்க்கேட்டோட நூலகர் கிளெயோபாஸ் கோய்கிலிதேஸ் வந்து பாத்துட்டு 1897ல புத்தகம் போட்டதுக்கு அப்புறம்தான் உலகத்துக்கே தெரிஞ்சுது. அதுக்கப்புறமும் ஈரம், தீ, ஜனங்க கால்னு தேஞ்சுக்கிட்டே இருந்து 1965ல ஜெர்மன் நிபுணர்கள் வந்துதான் முறையா பழுது பாத்தாங்க.

அந்தக் குடும்பங்களோட பேரப்பிள்ளைங்க இன்னைக்கும் அதே சர்ச்சுல அரபில ஆராதனை பண்றாங்க, ஜெபத்துல கடவுளை அல்லான்னுதான் கூப்பிடறாங்க, அரபில கடவுளுக்கு வார்த்தையே அதுதான். ஆரம்பத்துல முழுக்க கிறிஸ்தவ ஊரா இருந்தது, இப்ப அவங்க சிறுபான்மை, ஆனா தெருவுல சர்ச் மணியும் பாங்கு சத்தமும் சேந்தேதான் கேக்குது. மிக்கேலே பிச்சிரில்லோன்னு ஒரு இத்தாலிய பிரான்சிஸ்கன் சாமியார், தொல்லியல் அறிஞர், 2008ல இறக்கற வரைக்கும் இந்த மொசைக்குக்காகவே உழைச்சார், அவர் தூண்டுதல்ல 1992ல மொசைக் பள்ளிக்கூடம் ஒன்னு இங்க ஆரம்பிச்சாங்க, உள்ளூர்ப் பிள்ளைங்க பழைய தரையைப் பழுது பாக்கக் கத்துக்கறாங்க. சலமானியோஸ் செஞ்ச வேலை அதே ஊர்ல திரும்ப ஒரு தொழிலா நடக்குது.

ஒரு வருத்தமான விஷயமும் சொல்லணும். மேப்புல மேதெபாவைத் தேடிப் பாத்தா கிடைக்காது. அந்த ஊர் வர வேண்டிய இடம் உடைஞ்சு போச்சு, நேபோ மலையும் சேந்து போச்சு. ஆனா தென்கிழக்க 30 கிலோமீட்டர்ல உம் அர்-ரசாஸ்னு ஒரு இடம் இருக்கு, யோசுவா 13ல வர்ற மேபாகாத் அதுதான்னு தரையில இருந்த எழுத்தை வச்சே கண்டுபிடிச்சாங்க, 2004ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. அங்க ஸ்தேவான் கோயில் தரையில யோர்தானுக்கு அந்தப் பக்கம் எட்டு ஊரு, இந்தப் பக்கம் ஏழு ஊருன்னு ஓரமா வரிசையா பதிச்சிருக்காங்க, எருசலேம், காசா, இந்தப் பக்கம் ஃபிலதெல்பியாவா இருந்த அம்மான். 8ஆம் நூற்றாண்டு வேலை, கலீஃபா ஆட்சி. அந்த வரிசையில அம்மானுக்கு அடுத்த கட்டத்துல கோபுரம் மதில் எல்லாம் வச்சு ஒரு ஊர் முழுசா நிக்குது, தலைக்கு மேல கிரேக்க எழுத்துல மேதெபான்னு எழுதியிருக்கு. பஸ் புக் பண்றப்பவே கேளுங்க, அங்கயும் நிறுத்துவீங்களான்னு.